மலையில் வீடு வாங்கி நாள் வாடகைக்கு விடுவது: நீலகிரியா, கொடைக்கானலா, மூணாறா, கடற்கரையா?

ஓய்வுக்கு ஒரு வீடு. நாம் போகாத நாட்களில் சுற்றுலா வருபவர்களுக்கு நாள் வாடகை. அந்த வருமானத்தில் வங்கித் தவணை. கோவையிலிருந்தும் மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் மலையேறி இடம் பார்ப்பவர்களில் பலர் போடும் கணக்கு இதுதான். விலை, சாலை, தண்ணீர், ஜன்னல் வழியே தெரியும் பள்ளத்தாக்கு எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறார்கள். ‘இந்த வீட்டை நாள் வாடகைக்கு விட அனுமதி கிடைக்குமா?’ என்ற கேள்வியை மட்டும் பத்திரம் முடிந்த பிறகு கேட்கிறார்கள். அதற்குள் பணம் கைமாறிவிடுகிறது.

இந்தக் கேள்விக்கு ஊருக்கு ஒரு பதில் கிடையாது. ஒரே ஊரில் அடுத்தடுத்த இரண்டு சர்வே எண்களுக்கு வேறு வேறு பதில் இருக்கும். ஆனாலும் எந்த ஊரை எடுத்தாலும் பதிலைத் தீர்மானிப்பவை இரண்டுதான்: நிலம் எந்த வகையில் பதிவாகியிருக்கிறது, நீங்கள் அந்த வீட்டில் குடியிருப்பீர்களா இல்லையா. முதலாவதைத் தரகர் மறைக்கப் பார்ப்பார். இரண்டாவதை வாங்குபவர் தானே மறந்துவிடுவார்.

இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம், அது எளிது. ‘ஹோம்ஸ்டே’ என்ற பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டிவிடுகிறார்கள். சுற்றுலாத் துறையின் கணக்கில் ஹோம்ஸ்டே என்பது உரிமையாளர் குடும்பத்தோடு குடியிருக்கும் வீட்டின் சில அறைகளை விருந்தினருக்குக் கொடுப்பது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டத்தில் குறைந்தது 1 அறை, அதிகபட்சம் 6 அறைகள், 12 படுக்கைகள்; வெள்ளி, தங்கம் என்று இரண்டு தரம். கேரள அரசின் திட்டத்திலும் 6 அறைதான் உச்சம். அங்கே வெள்ளி, தங்கம், வைரம் என்று மூன்று தரம். இரண்டிலும் உரிமையாளர் அந்த வீட்டில் வசிக்க வேண்டும். சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு, குன்னூரில் ஒரு காவலாளியை வைத்து வீட்டை முழுதாக வாடகைக்கு விடுபவர் இந்த வகைக்குள் வரமாட்டார். அவருடையது விதிப்படி தங்கும் விடுதி. விடுதி என்றானதும் உள்ளாட்சியின் தொழில் உரிமம், வணிகச் சொத்து வரி, வணிக மின் கட்டணம், நில உபயோகம் எல்லாமே மாறும்.

எனவே வெளியூரில் இருந்துகொண்டே நடத்தப் போகிறவருக்கும், ஓய்வுபெற்று அங்கேயே குடியேறப் போகிறவருக்கும் ஒரே ஊரைப் பரிந்துரைக்க முடியாது. கீழே ஒவ்வோர் இடத்தையும் இந்த இரண்டு பேரையும் மனதில் வைத்தே பார்க்கிறோம்.

நீலகிரி

வாங்குவதற்கு மிகவும் ஆசைப்படும் இடம் இதுதான், விதிகள் அடுக்கடுக்காக இருக்கும் இடமும் இதுதான். மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம், அதாவது ஊரில் எல்லோரும் ‘ஹாக்கா’ என்று சொல்வது, 1990-ல் வந்தது. அதன் பட்டியலில் உள்ள கிராமங்களில் விவசாய நிலத்தைக் கட்டட மனையாக மாற்றவும் கட்டவும் அதன் வழியாகப் போக வேண்டும். வனம், வருவாய், வேளாண் பொறியியல், புவியியல் மற்றும் சுரங்கம் ஆகிய துறைகளின் தடையின்மைச் சான்றுகள் தேவைப்படும். மலைவாசத் தலங்களுக்கான தனிக் கட்டட விதிகள் 1993-ல் வந்தன. ஜேசிபி வைத்து மண்ணை வெட்டக்கூட மாவட்ட நிர்வாகத்தின் முன்அனுமதி வேண்டும். ‘வாங்கிப் போடுங்கள், பின்னால் இரண்டு அறை ஏற்றிக்கொள்ளலாம்’ என்று சொல்பவரை நம்பி விலை பேசாதீர்கள். இன்று இருக்கும், அனுமதி பெற்ற வரைபடத்தில் உள்ள பரப்புக்கு மட்டும் விலை பேசுங்கள்.

நீலகிரியை ஒரே மாவட்டமாகப் பார்ப்பது பெரிய தவறு. மூன்று விதமான நிலம் அங்கே இருக்கிறது.

கூடலூர், பந்தலூர் பக்கம் ஜென்ம நிலச் சிக்கல், அதாவது பரம்பரை நிலவுடைமையாளர்களிடம் இருந்த எஸ்டேட் நிலங்களின் சிக்கல். கூடலூர் ஜென்ம எஸ்டேட்டுகள் ஒழிப்பு மற்றும் ரயத்துவாரியாக மாற்றும் சட்டம் 1969-ல் வந்தது. அதன் 17-ஆம் பிரிவின் கீழ் வரும் நிலங்களின் உரிமை பல பத்தாண்டுகளாகத் தீராமல் கிடக்கிறது. ‘செக்‌ஷன் 17’ நிலம் என்று ஊரில் சொல்வார்கள். அங்கே மின் இணைப்பு வாங்குவதே போராட்டமாக இருந்த வீடுகள் ஏராளம். விலை மலிவாக இருப்பதன் காரணம் அதுதான். இன்னொன்று, தமிழ்நாடு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம், 1949. அதன்படி அறிவிக்கப்பட்ட நிலத்தை மாவட்டக் குழுவின் முன்அனுமதி இல்லாமல் விற்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ முடியாது. தேயிலைத் தோட்டத்தின் ஓரமாகச் சோலையை ஒட்டியிருக்கும் மனைகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

மசினகுடி, மாவனல்லா, பொக்காபுரம் பக்கம் சீகூர் யானை வழித்தடம். 2010-ல் அரசு அறிவித்தது, 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது, 2018-ல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி தங்கும் விடுதிகளுக்குச் சீல் வைக்கப்பட்டது, 2020 அக்டோபர் 14-ல் உச்ச நீதிமன்றம் இறுதியாக வழித்தடத்தை உறுதி செய்தது. அதன் பிறகும், 2021 ஜனவரியில் மாவனல்லாவில் ஒரு தங்குமிடத்திலிருந்து எரியும் டயரை யானைமேல் வீசிய கொடுமை நடந்து, அந்தப் பகுதியில் அனுமதியில்லாத ஹோம்ஸ்டேகளுக்குச் சீல் வைத்தார்கள். பட்டா சுத்தமாக இருக்கும் நிலம்கூட வழித்தடத்துக்குள் வந்தால் தங்கும் விடுதி நடத்த உதவாது. எங்கள் கருத்து நேரடியானது: நாள் வாடகை வருமானத்தை நம்பி மசினகுடிப் பக்கம் எதையும் வாங்க வேண்டாம். எத்தனை மலிவாக வந்தாலும் வேண்டாம்.

மூன்றாவது, உதகை, குன்னூர் நகராட்சிகள், கோத்தகிரி, வெலிங்டன் சுற்றுப்புறம். நாள் வாடகைக்கு ஓரளவு நம்பி இறங்கக்கூடியது இதுதான், அதுவும் பழைய கட்டடங்களில். 1993-க்கு முன்பே வரிவிதிப்பு எண், மின் இணைப்பு, அனுமதி பெற்ற வரைபடம் எல்லாம் இருக்கும் பங்களா என்றால் காகித வேலை பாதியாகக் குறையும். ஆனால் நில உபயோகத்தைப் பாருங்கள். உள்ளூர்த் திட்டக் குழும அலுவலகத்தில் சர்வே எண்ணைக் கொடுத்தால், முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) அது குடியிருப்பா, கலப்புக் குடியிருப்பா, வணிகமா, வேளாண்மையா என்று சான்று தருவார்கள். நீங்களே குடியிருந்து ஹோம்ஸ்டே நடத்தினால் குடியிருப்பு வகை போதும். காவலாளி வைத்து நடத்தினால் போதாது.

வருகையாளர் வரம்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடைக்குச் சென்னை உயர் நீதிமன்றம் எண்ணிக்கை வரம்பும் விதித்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. நல்ல வாடகை கிடைப்பது ஏப்ரல், மே வார இறுதிகளில்தான், வரம்பு இறுக்குவதும் அப்போதுதான். உங்கள் வீட்டுக்கு முன்பதிவு செய்தவருக்கு இ-பாஸ் கிடைக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டியவர் நீங்கள். வருமானக் கணக்கில் அந்த மாதங்களை நிரம்பி வழியும் மாதங்களாகப் போடாதீர்கள்.

கொடைக்கானல்

விதிகளின் சட்டகம் நீலகிரியைப் போன்றதுதான். வேறுபாடு, விதிமீறிய கட்டடங்களின் அடர்த்தி. நகராட்சிக்குள் வீடு என்று அனுமதி வாங்கி விடுதியாகக் கட்டியவை, இரண்டு மாடிக்கு வாங்கி நான்கு மாடி எழுப்பியவை நிறைய. 2019-ல் உயர் நீதிமன்ற உத்தரவுகளின்பேரில் பல கட்டடங்களுக்குச் சீல் வைக்கப்பட்டது. இங்கே வாங்குபவர் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம், 1971-ன் 56, 57-ஆம் பிரிவுகளின் கீழ் வரும் நோட்டீஸ் கட்டடத்தைப் பற்றியது. உரிமையாளர் மாறினாலும் விதிமீறல் மாறாது. விற்பவர் மேல்முறையீடு போட்டிருக்கிறார், விரைவில் சரியாகிவிடும் என்பார்கள். 1990-களில் ஒரு ஹோட்டலின் கூடுதல் மாடிகளுக்கு மாநில அரசே கொடுத்த விதிவிலக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்த ஊர் இது. விதிவிலக்கு உத்தரவு கையில் இருந்தாலும் அதைச் சொத்தாக எண்ணக்கூடாது.

வில்பட்டி, பூம்பாறை, மன்னவனூர், அடுக்கம், பெருமாள்மலை பக்கம் இப்போது மண் வீடு, மர வீடு, கூடாரம் என்று விற்கிறார்கள். அங்கே முதலில் பார்க்க வேண்டியது ‘நிபந்தனைப் பட்டா’. ஏழை விவசாயிகளுக்கு அரசு ஒப்படை செய்த நிலத்தில், இத்தனை ஆண்டு விற்கக்கூடாது, விவசாயத்துக்கு மட்டும் என்று நிபந்தனை இருக்கும். பஞ்சமி நிலமாக இருந்தால் பட்டியல் சாதியினர் அல்லாதவர் வாங்கிய பத்திரமே செல்லாது, அது செல்லாமல் போவதுதான் நியாயமும்கூட. இணையத்தில் கிடைக்கும் பட்டாவில் இது எப்போதும் தெரியாது. வட்டாட்சியர் அலுவலகத்தில் அ-பதிவேட்டின் (நிலத்தின் வகையைக் காட்டும் வருவாய்ப் பதிவேடு) பழைய பிரதியையும், ஒப்படை ஆணையையும் கேட்டுப் பாருங்கள். கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013-ல் அறிவிக்கப்பட்டது. அதன் எல்லையிலிருந்து மனை எவ்வளவு தூரம் என்பதையும் வனத்துறையிடமே கேட்க வேண்டும்.

குடியேறப் போகிறவருக்குக் கொடைக்கானல் நகராட்சிக்குள் அனுமதி சரியாக உள்ள ஒரு சிறிய வீடு நல்ல தேர்வுதான். வெளியூரிலிருந்து நடத்தப் போகிறவருக்கு, நான்கு இடங்களில் கடைசி.

மூணாறும் இடுக்கியும்

கேரளத்துக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. உரிமையாளர் குடியிருக்காத வீட்டுக்கும் அங்கே சுற்றுலாத் துறையில் ஒரு தனி வகை இருக்கிறது: ‘சர்வீஸ்டு வில்லா’. வெளியூர்க்காரர் ஹோம்ஸ்டே என்று பொய் சொல்லத் தேவையில்லை; நேராக இந்த வகைக்கு விண்ணப்பிக்கலாம். குடியேறுபவர் ஹோம்ஸ்டே தரச்சான்றுக்குப் போகலாம். அதற்குக் காவல்துறைச் சான்று உட்படச் சில ஆவணங்கள் தேவை. இந்தத் தெளிவு தமிழ்நாட்டு மலைகளில் கிடைப்பதில்லை.

ஆனால் இடுக்கியில் சிக்கல் நிலத்தில் இருக்கிறது. அங்கே பெரும்பாலான தனியார் நிலம் அரசு பட்டயமாக, அதாவது நிபந்தனைகளோடு ஒப்படை செய்து கொடுத்தது. 1964-ஆம் ஆண்டின் நில ஒப்படை விதிகளின்படி கொடுத்த பட்டயத்தில் வீடு கட்டலாம், விவசாயம் செய்யலாம். விடுதி கட்டுவது பட்டய நிபந்தனையை மீறுவது. மூணாறைச் சுற்றிய பல கிராமங்களில் கட்டுமானத்துக்கு வருவாய்த் துறையின் தடையின்மைச் சான்று கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது: கண்ணன் தேவன் மலை, பள்ளிவாசல், சின்னக்கானல், சாந்தன்பாறை, வெள்ளத்தூவல், ஆனவிரட்டி, பைசன்வேலி. சான்றில் ‘வீட்டு உபயோகத்துக்கு’ என்று எழுதியிருந்தால் விருந்தினர் விடுதிக்கு அது பயன்படாது.

இந்த நெருக்கடியைத் தீர்க்கத்தான் 2023-ல் கேரளச் சட்டமன்றம் நில ஒப்படைச் சட்டத்தில் திருத்தம் நிறைவேற்றியது. ஆளுநர் ஒப்புதல் 2024-ல் வந்தது. வேறு உபயோகத்துக்கு மாறிய கட்டடங்களை முறைப்படுத்த அது வழி திறக்கிறது. தரகர்கள் இதைக் காட்டி ‘இனிமேல் எல்லாம் சட்டப்படிதான்’ என்கிறார்கள். வழி திறந்தது வேறு, நீங்கள் வாங்கும் கட்டடம் அந்த வழியில் முறைப்படுத்தப்பட்டது வேறு. அந்தக் குறிப்பிட்ட கட்டடத்துக்கு முறைப்படுத்திய ஆணை இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இல்லையென்றால் விலையில் அந்த அபாயத்தைக் கழிக்க வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும்.

தேவிகுளம் பக்கம் ‘ரவீந்திரன் பட்டயம்’ என்று காதில் விழும். 1999-ல் ஒரு துணை வட்டாட்சியர் கையெழுத்தில் கொடுக்கப்பட்ட 530 பட்டயங்கள் அவை. அவருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2022 ஜனவரியில் கேரள அரசு ரத்து செய்ய உத்தரவிட்டது. பட்டயத்தின் தேதி 1999 என்றால் யார் கையெழுத்திட்டார், எந்த விதியின் கீழ் என்று பாருங்கள். கண்ணன் தேவன் நிலங்கள் 1971-ன் தனிச் சட்டப்படி அரசு மீட்டுக்கொண்டவை. ஏலக்காய் மலைக் காப்புப் பகுதி நிலங்களுக்கு வேறு விதி. தோட்ட நிலமாக நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 81-ஆம் பிரிவில் உச்சவரம்பு விலக்குப் பெற்றதைத் துண்டு போட்டு விற்றால், விலக்கே போய்விடும்; ஏலக்காய்த் தோட்டத்தில் 10 சென்ட் மனை என்று வரும் விளம்பரங்களை இதனாலேயே தவிர்க்க வேண்டும். 2007-ல் மூணாறில் ஆக்கிரமிப்புக் கட்டடங்களை இடித்தபோது, பின்னால் வாங்கியவர் அப்பாவி என்பதற்காக யாருடைய சுவரும் நிற்கவில்லை.

கட்டட எண்ணையும் பாருங்கள். கேரளக் கட்டட விதிகளில் ஏ1 என்பது குடியிருப்பு, ஏ2 என்பது தங்கும் விடுதி வகை. ஊராட்சி கொடுத்த எண் எந்த வகையில் என்பதை உரிமைச் சான்றில் படிக்கலாம். வயநாடு, வாகமண் பக்கம் பார்ப்பவர்களும் இதே வரிசையில் போகலாம்: பட்டயத்தின் மூலம், அடிப்படை வரிப் பதிவேட்டில் நிலத்தின் வகை, கட்டட எண், பிறகுதான் சுற்றுலாத் துறை. அடிப்படை வரிப் பதிவேட்டில் ‘நிலம்’ என்று இருந்தால் அது நெல்வயல். 2008-ஆம் ஆண்டின் நெல்வயல் மற்றும் ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். ‘புரையிடம்’ என்றால் தோட்டம், வீட்டு மனை. தமிழில் படித்துப் பழகியவர் ‘நிலம்’ என்பதைப் பொதுவான சொல்லாக எண்ணிக் கடந்துவிடுவார், கவனம்.

கடற்கரை

கிழக்குக் கடற்கரைச் சாலையானாலும் கோவாவானாலும் முதல் கேள்வி கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். 2019 ஜனவரி அறிவிக்கையின்படி கிராமப்புறக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து, மக்கள் அடர்த்தி மிகுந்த இடங்களில் 50 மீட்டரும், மற்ற இடங்களில் 200 மீட்டரும் கட்டுமானம் கூடாத பகுதி. நகர்ப்புறத்தில் ஏற்கெனவே உள்ள சாலைக்கோ கட்டடத்துக்கோ நிலத்தின் பக்கமாக மட்டுமே கட்டலாம். மீனவர் உள்ளிட்ட உள்ளூர் மக்கள் தங்கள் வீட்டை மாற்றாமல் ஹோம்ஸ்டே நடத்த இந்த விதிகள் இடம் தருகின்றன. வெளியூரிலிருந்து வந்து வாங்குபவருக்கு அந்தச் சலுகையை நீட்டிப் படிக்கக்கூடாது. விதியை மீறியதன் விலையைக் கொச்சி மரடு காட்டியது: 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் 4 அடுக்குமாடிக் குடியிருப்புகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. வாங்கியவர்களுக்கு உச்ச நீதிமன்றம் இடைக்கால இழப்பீடாக ஆளுக்கு 25 லட்சம் ரூபாய் வரை கொடுக்கச் சொன்னது. பல வீடுகளின் விலை அதைவிட அதிகம்.

மாமல்லபுரத்தில் இன்னொரு வளையம் உண்டு. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது. அதைத் தாண்டி மேலும் 200 மீட்டர் வரை தொல்லியல் அதிகாரியின் அனுமதி வேண்டும். பழைய வீட்டை வாங்கி மாடி எடுப்பதும் இதில் அடங்கும்.

கோவாவில் ஒரு நல்ல விஷயம், சட்டம் தெளிவாக இருக்கிறது. 1982-ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் பதிவுச் சட்டப்படி, பயணிகளுக்கு வாடகைக்கு விடும் எந்த இடமும் சுற்றுலாத் துறையில் பதிவாக வேண்டும்; ஓர் அறை என்றாலும் சரி. அடுக்குமாடியில் வாங்கினால் குடியிருப்போர் சங்கத்தின் சம்மதம் தனியாகத் தேவைப்படும். சங்கத்தின் துணைவிதிகளை வாங்குமுன் முழுதாகப் படியுங்கள். நாள் வாடகைக்குத் தடை என்று ஒரு பொதுக்குழுத் தீர்மானம் இருந்தாலே உங்கள் திட்டம் அங்கே முடிந்தது. சென்னை, புதுச்சேரி அடுக்குமாடிகளுக்கும் இது பொருந்தும்.

குடகைப் பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: 2020 திருத்தத்துக்குப் பிறகு கர்நாடகத்தில் விவசாயி அல்லாதவரும் விவசாய நிலம் வாங்கலாம், ஆனால் அங்கே கட்டடம் எழுப்ப நில வருவாய்ச் சட்டத்தின் 95-ஆம் பிரிவில் நில மாற்றம் தேவை. ஜம்மா பானே நிலமாக, அதாவது குடகில் குடும்பம் கூட்டாக வைத்திருக்கும் பரம்பரை நிலமாக இருந்தால் குடும்ப உரிமையைப் பிரித்தெடுப்பதே தனி வழக்கு. காப்பித் தோட்டத்துக்குள் குடியேற விரும்பினால் தவிர, நாள் வாடகைக்கு மட்டுமாக அங்கே போகக் காரணம் இல்லை.

பணக்கணக்கு

உதாரணத்துக்கு 80 லட்சம் ரூபாய்க்கு மூன்று படுக்கையறை வீடு. தமிழ்நாட்டில் முத்திரைத்தாள் 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 7.2 லட்சம். கேரளத்தில் 8%, 2%, ஆக 8 லட்சம். வீட்டை முழுதாக ஒரு நாளைக்கு 7,000 ரூபாய்க்கு, ஆண்டில் 110 இரவு விட்டால் 7.7 லட்சம். காவலாளி சம்பளம் மாதம் 15,000 வீதம் 1.8 லட்சம். முன்பதிவு நிறுவனத்தின் கமிஷன் 15% என்றால் 1.15 லட்சம். சலவை, துப்புரவு, மின்சாரம், எரிவாயு 1.2 லட்சம். மழைக்காலம் முடிந்து பூஞ்சை, ஒழுகல், வர்ணம், கழிவுநீர்த் தொட்டி என்று 80,000. மீதம் சுமார் 2.75 லட்சம். அதே வீட்டை மாத வாடகைக்கு 20,000-க்கு விட்டால் 2.4 லட்சம், அதுவும் தொந்தரவு இல்லாமல். 50 லட்சம் கடனுக்கு 20 ஆண்டு, 8.5% வட்டியில் ஆண்டுத் தவணை மட்டும் 5.2 லட்சம். அனுமதி எல்லாம் சரியாகக் கிடைத்தாலும் இந்த வாடகை தவணையைக் கட்டாது. அனுமதி கிடைக்காமல் சீல் விழுந்தால் காவலாளி சம்பளமும் தவணையும் மட்டும் நிற்காமல் ஓடும். ஆகவே மாத வாடகைக் கணக்கிலும் உங்களால் தாங்க முடிகிற விலைக்கு மட்டும் வாங்குங்கள்.

வரியில் இரண்டு இடங்களில் சறுக்குகிறார்கள். ஆண்டு வருவாய் 20 லட்சத்துக்குக் கீழ் இருந்தால் ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்பது சரி. ஆனால் இணைய முன்பதிவு நிறுவனம் வழியாக வரும் விருந்தினருக்கு அந்த நிறுவனமே வரி வசூலித்துக் கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 வரை 5%, அதற்கு மேல் 18%. 7,400-க்கும் 7,600-க்கும் விருந்தினர் கையில் ஏறும் வித்தியாசம் 200 ரூபாய் அல்ல, ஏறத்தாழ 1,200. விலையை இதைப் பார்த்து வையுங்கள். இரண்டாவது மின்சாரம். வீட்டு இணைப்பில் விடுதி நடத்துவது மின்சாரச் சட்டம் 2003-ன் 126-ஆம் பிரிவில் அனுமதியற்ற பயன்பாடு. எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் முந்தைய 12 மாதத்துக்கு, உரிய கட்டணத்தின் இரண்டு மடங்கில் கணக்குப் போடுவார்கள். முந்தைய உரிமையாளர் அப்படி நடத்தியிருந்தால், இணைப்பை மாற்றும்போது நிலுவை உங்கள் தலையில் விழும். மின் கட்டண அட்டையில் கட்டண வகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டினர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் விவரம் ஏற்ற வேண்டும். சமைத்துப் பரிமாறினால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். இவை சிறிய வேலைகள்தான், ஆனால் சோதனைக்கு வரும் அதிகாரி முதலில் கேட்பது இவற்றைத்தான்.

முன்பணம் கொடுக்குமுன்

வில்லங்கச் சான்று 30 ஆண்டுக்கு, தாய்ப் பத்திரம், அ-பதிவேடு, புல வரைபடம் ஆகியவற்றை வழக்கறிஞரிடம் கொடுப்பது எல்லோரும் செய்வது. அந்த வழக்கறிஞர் அதே மாவட்டத்தில் பழகியவராக இருக்கட்டும். சென்னையில் எத்தனை பெரியவரானாலும் ‘செக்‌ஷன் 17’ம் பட்டய நிபந்தனையும் அவர் கண்ணில் படாமல் போகலாம்.

அதற்கு மேல் செய்ய வேண்டியது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் மூன்று மனுக்கள். உள்ளாட்சிக்கு ஒன்று: இந்த வரிவிதிப்பு எண் கட்டடத்துக்கு அனுமதித்த வரைபடத்தின் நகல், எந்த உபயோகத்துக்கு அனுமதி, இதுவரை கொடுத்த நோட்டீஸ்கள், தொழில் உரிமம் உண்டா. திட்டக் குழுமத்துக்கு அல்லது கேரளமானால் வருவாய்த் துறைக்கு ஒன்று: இந்த சர்வே எண்ணின் நில உபயோகம், தடையின்மைச் சான்றின் நிபந்தனைகள். வனத்துறைக்கு ஒன்று: காப்புக்காடு, தனியார் காடு, யானை வழித்தடம் ஆகியவற்றில் இந்த சர்வே எண் வருகிறதா. 30 நாளில் பதில் வர வேண்டும். ‘அதுவரை காத்திருக்க முடியாது, வேறு ஆள் வந்துவிட்டார்’ என்று அவசரப்படுத்தினால் அந்த வேறு ஆளே வாங்கிக்கொள்ளட்டும்.

வரைபடம் கிடைத்ததும் ஒரு பொறியாளரோடு போய் அளந்து பாருங்கள். வண்டி நிறுத்துமிடத்தை அறையாக்கியிருப்பது, சரிவில் தூண் எழுப்பி அடித்தளத்தில் இரண்டு அறை போட்டிருப்பது, பின்புற இடைவெளியில் குளியலறை கட்டியிருப்பது, இவைதான் வழக்கமாகச் சிக்குபவை. வாடகைக்கு நல்ல காட்சியுள்ள அறை பெரும்பாலும் வரைபடத்தில் இல்லாத அறையாகவே இருக்கும்.

விற்பனை ஒப்பந்தத்தில் முன்பணத்தைக் குறைவாக வைத்து, இன்ன உபயோகத்துக்கான உள்ளாட்சி உரிமமும் சுற்றுலாத் துறைப் பதிவும் இத்தனை நாளுக்குள் கிடைக்காவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும் என்று எழுதுங்கள். 90 முதல் 120 நாள் கேட்பது நியாயமானது. பதிவாகாத நோட்டீஸ், மின் நிலுவை, சொத்து வரி வேறுபாடு எதுவானாலும் பத்திரத் தேதிக்கு முந்தையது விற்பவர் பொறுப்பு என்ற வரியும் வேண்டும். தமிழ்நாட்டில் இந்த ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். முதல் நிபந்தனையை ஏற்க மறுக்கும் விற்பனையாளருக்கு, அந்த உரிமம் கிடைக்காது என்பது பெரும்பாலும் தெரிந்தே இருக்கும்.

எங்கள் தேர்வைக் கேட்டால்: குடியேறப் போகிறவர் குன்னூர் அல்லது கோத்தகிரியில் பழைய வரிவிதிப்பு எண் உள்ள வீட்டை வாங்கி, 2 அல்லது 3 அறைகளை மட்டும் ஹோம்ஸ்டேயாகப் பதியலாம். வெளியூரிலிருந்து நடத்த விரும்புபவர், கேரளத்தில் பட்டய நிபந்தனை இல்லாத பழைய புரையிடத்தில் ஏ2 எண் உள்ள கட்டடமாகத் தேடி, சர்வீஸ்டு வில்லாவாக விண்ணப்பிக்கலாம். அந்த வகை நிலம் இடுக்கியின் உயரங்களில் அரிது. அடிவாரங்களில் கிடைக்கும், காட்சி குறைவாக இருக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும்.